அழுத்தி வைத்த பெருவிரல்

எதையும் ஒழுங்காகச் சொல்வதென்றால், யார் யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்பதில் தொடங்க வேண்டும். கண்டியில் ஒரு கந்தோரில் முப்பத்தொரு வருடம் கூட்டக் குறிப்பு எழுதிய கை இது. பழக்கம் விடாது.

போன வெள்ளிக்கிழமை காலை, கெலிஓயாவில் எங்கள் வீட்டு முன்னறை. ஜன்னலோரக் கதிரையில் என் மனைவி ராக்கம்மா. எதிரே, அலுமாரிக்கு முதுகைக் கொடுத்து நான். வாசலில், ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு மகன் மோகனராஜ். நடுவில், பக்கத்துக் கடை ஹுதைபா. அவன் கையில், தபால்காரர் ராக்கம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன கடிதம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் குளித்துக்கொண்டிருந்தேன், வந்து பார்த்தால் சபை கூடியிருந்தது. குளிப்பதிலும் ஆபத்து உண்டு.

கடிதம் கோத்தகிரியிலிருந்து. சொல்லி எழுதுவித்தவர் என் அண்ணன் கறுப்பையா, எழுபத்தேழு வயது. ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன் கப்பலேறியவர். பொங்கலுக்குப் பொங்கல் தம்பி இராமநாதன் பெயருக்கு, அதாவது எனக்கு, ராக்கம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லிக் கடிதம் போட்டாராம். பதிலே இல்லையாம். அதனால் இம்முறை அவள் பெயருக்கே போட்டிருக்கிறாராம். கட்டியவள் போய்ச் சேர்ந்துவிட்டாளாம், தன் நெஞ்சும் பழுதாம். ராக்கம்மா ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை எழுதினால் வந்து பார்த்துவிட்டுப் போவாராம். இல்லையென்றால் இதுவே கடைசி. ஹுதைபா வானொலியில் செய்தி வாசிப்பவன்போல நிறுத்தி நிறுத்தி வாசித்தான்.

பிறகு அந்த இடம் வந்தது. “இங்கயே இருக்கிறதுக்குத்தான் கைநாட்டு வைக்கிறேன்னு நினைச்சேன். தம்பி ஃபாரத்தை மாத்தி எழுதிட்டான். சின்னப் பய, பிழை விட்டிருப்பான். அவனைக் கோவிச்சுக்காத.”

எனக்கு மனம் நொந்தது அங்கேதான். பிழையாம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் அறுபத்திரண்டு குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பியபோது எனக்குப் பதினெட்டு வயது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு ஒன்று, இந்தியாவுக்குப் போக ஒன்று; இரண்டும் ஆங்கிலத்தில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு ஓர் எழுத்துக்கூட அடித்துத் திருத்தாமல் எழுதினேன்.

அண்ணனுக்கும் ராக்கம்மாவுக்கும் அப்போது பரிசம் போட்டிருந்தது. பிரஜாவுரிமைக் காகிதம் வந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அவர் பெருவிரலில் மையைத் தடவிக்கொண்டு, “இது இங்கயே இருக்கிறதுக்குத்தானே தம்பி?” என்று கேட்டார்.

“ஆமாண்ணே, அழுத்தி வைங்க” என்றேன்.

அழுத்தி வைத்தார். அவ்வளவு தெளிவாக ரேகை விழுந்த படிவம் அந்த அறுபத்திரண்டில் வேறில்லை. அம்மாவையும் அதே படிவத்தில் சேர்த்தேன். அவரைத் தனியாக அனுப்பிவைக்க நான் என்ன கல்நெஞ்சனா?

மூன்றாம் வருடம் இந்தியக் கடவுச்சீட்டு வந்தபோது அண்ணன் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். இனி மாற்ற முடியாது என்றார்கள். அப்படித்தான் சொன்னார்கள் என்று அவருக்கு மொழிபெயர்த்தது நான். அங்கே காணி தருகிறார்கள் என்ற ஆசையில் அவரே கேட்டுப் போகிறார் என்று ராக்கம்மாவிடம் சொன்னதும் நான். இரண்டு வருடம் அழுதாள். அந்த இரண்டு வருடமும் நான் எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தேன் என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை.

பொங்கல் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. ஐம்பத்தொன்றும், வருட வாரியாக, நான் முதுகு கொடுத்திருந்த அலுமாரிக்குள் இருக்கின்றன. உறையில் இருந்தது என் பெயர். அடுத்தவர் கடிதத்தைத் தொடுகிற ஆள் நான் இல்லை.

ஹுதைபா வாசித்து முடித்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லையே என்றேன். கடல் தாண்டி வருவது, தொலையாதா என்று காரணத்தையும் மோகனராஜே கண்டுபிடித்துத் தந்தான். நல்ல பிள்ளை. பதிலைத் தான் எழுதித் தருவதாக ஹுதைபா சொன்னதற்கு, “எங்கப்பா இருக்கிறப்ப நீ எதுக்குடா?” என்று அவனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

ராக்கம்மா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு, “எழுதுங்க” என்றாள்.

“உங்க கடுதாசி ஒண்ணுகூட எங்கிட்ட வரல. வந்திருந்தா பதில் போடாம இருப்பேனா? சாகிறதுக்குள்ள ஒருவாட்டி வாங்க.”

ஐம்பது வருடக் குடித்தனத்தில் என்னை ஒருநாளும் அந்தக் குரலில் ‘வாங்க’ என்று அவள் கூப்பிட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை. குறிப்பில் இருக்கட்டும்.

நான் எழுதினேன்: ‘தங்கள் கடிதங்கள் யாவும் கிடைத்தன. விருப்பமில்லாததால் பதில் எழுதவில்லை. வர வேண்டாம்.’

வாசித்துக் காட்டச் சொன்னாள். அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன். இந்த வயதிலும் ஞாபகசக்திக்குக் குறைவில்லை. மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

“அழுத்தி வை” என்றேன்.

முகவரி எழுதி, முத்திரை ஒட்டி, உறையை மூடப்போனபோது அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “நீங்க வேணாம். பெட்டியில நானே போடுறேன்.”

இத்தனை வருடத்துக்குப் பிறகு சந்தேகம் வந்திருக்கிறது. அதுவும் தபால் பெட்டியோடு நின்றுவிட்டது. சோற்றுப் பருக்கையை நசுக்கி ஓரமெல்லாம் தடவி ஒட்டினாள். சேலைத் தலைப்பில் பொத்திக்கொண்டு வீதியைக் கடந்தாள். ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தைப் போட்ட பிறகும் போகாமல் நின்று, உள்ளே விழுந்துவிட்டதா என்று பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். விரலில் மை இன்னும் காய்ந்திருக்காது.

அவளுடைய விருப்பத்துக்கு நான் என்றைக்கும் குறுக்கே நின்றதில்லை.