வட்டிக்குப் பதில் கண்

— மூவாயிரத்து எழுநூத்து நாப்பது வெள்ளி பாக்கி, அக்கா. நான் கேக்கல. நீங்க கேட்டீங்க, சொன்னேன்.

— தெரியும்டி வினி. உன் வாயால கேட்டாதான் எனக்கு உறைக்கும். தீபாவளிக்கு அப்புறம் ஒரு வெள்ளிகூட நான் தரல. நீயும் ஒரு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சதில்ல.

— விடுங்க லா. தே-ஓ ஆறிப் போகுது, குடிங்க.

— எங்க இறங்குது? சாப்பாட்டு நேரம் முடியறதுக்குள்ள லைன் லீடர் விஜயன் கடுதாசியோட வரேன்னு சொல்லியிருக்கான். இருபத்திரண்டு வருஷமா இந்தத் தெப்ராவ் ஃபேக்டரில சர்க்யூட் போர்டு பாக்குறேன். விளக்குக்கு அடியில வச்ச உடனே எது நல்லது, எது கெட்டதுன்னு சொல்லிருவேன். இன்னிக்கு ஒரு கேமரா என்னைப் பாஸா பெயிலான்னு சொல்லப் போகுது.

— நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தரத்தான் வச்சுக்குவாங்களாம்.

— நானா இருந்தா மாசம் இருநூறு குடுத்து உன் கடனை அடைச்சிருவேன். நீயா இருந்தா… கொஞ்சம் பொறுத்துக்கடி.

— உங்க மக ரூபினிக்கு வேற வேலை ஒண்ணும் அமையலையா?

— எங்க அமையுது! அவ டிப்ளோமாவுக்குத்தானே உன்கிட்ட கை நீட்டினேன். சிங்கப்பூர் பேங்க்குக்கு வர்ற போனெல்லாம் ஜொகூர்லதான் எடுக்குறாங்க, அந்தப் படிப்புப் படிச்சா வேலை நிச்சயம்னு ஸ்கூல்ல கவுன்சிலர் டீச்சர் அடிச்சுச் சொன்னாங்க. பதினாலு மாசம் போன் எடுத்தா. இப்ப மெஷினே பேசுது. ஒரு நாள் போட்டுக் காட்டுனா. அலமாக், அவளைவிடப் பொறுமையா பேசுதுடி!

— ஆறு மாசமாத் தேடுறால்ல?

— தேடுறா, தேடுறா. விண்ணப்பத்த இவ ஒரு மெஷின்ல எழுதி அனுப்புறா. அங்க இன்னொரு மெஷின் படிச்சிட்டு வேணாங்குது. மனுசங்க யாரும் தூக்கம் கெட வேண்டியதில்ல. அதுங்களே பேசி முடிச்சுக்குதுங்க.

— சிரிக்காதீங்கக்கா. எனக்கும் ஒரு பிள்ளை படிச்சிட்டு இருக்கான்.

— உனக்கென்னடி? உன் பிராண்டன் இந்தக் கேமராவுக்கெல்லாம் பாடம் சொல்லிக் குடுக்கிற படிப்புத்தானே படிக்கிறான்.

— இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அந்தப் பாடத்தையும் இப்ப மெஷினே மெஷினுக்குச் சொல்லிக்குதாம். வேலை கிடைக்குமா சார்னு கேட்டா, ‘நீ முதல்ல முடி, பாத்துக்கலாம்’ங்கறாராம் அவன் லெக்சரர். ஃபீஸ் மட்டும் தேதி தவறாம கேக்குறாங்க.

— அப்புறம் பிள்ளைங்களுக்கு எந்தப் பக்கம்தான் கையைக் காட்டுறது? போகட்டும். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. நாம செஞ்சது வெளிய வரக்கூடாது.

— எது அக்கா?

— நல்லா கேட்டே! கண்ணுல புரை, ஒண்ணும் தெரியலன்னு நீ அழுதப்ப, வட்டிக்குப் பதிலா உன் தட்டுல வர்ற போர்டையும் நான் பாத்துத் தரேன்னு ஒத்துக்கிட்டேன்ல, அது. கேமரா வந்த பொறவும் உன் பேர் போட்ட கார்டைத் தட்டிட்டு நான்தானே உக்காந்தேன்? அது காட்டுற படத்தைப் பாத்து, அது கத்துக்கறதுக்காக நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு அமுத்துனது அத்தனையும் நான். காலையில கண்ணு தெளிவா இருக்கறப்ப உன் பங்கு. மத்தியானம் கண்ணு எரியறப்ப என் பங்கு. கார்டை மாத்தித் தட்டுனது தெரிஞ்சா ரெண்டு பேரும் வெளிய போகணும். நஷ்டஈடும் கிடைக்காது.

— மாதாவே… அக்கா, விஜயன் வரான்.

— பேச்சிக்கா, வினிக்கா, இங்கதான் இருக்கீங்களா? மன்னிச்சிருங்க. லைன் லீடர்னு பேருதான், நான் வெறும் போஸ்ட்மேன். இந்தாங்க, ஆளுக்கு ஒண்ணு.

— நீயே வாயால சொல்லிரு விஜயா.

— வினிக்கா வேலையில இருக்காங்க. அவங்க கார்டுல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரி. உங்க கார்டுல எண்பத்தொன்பது.

— எண்பத்தொன்பதா? எனக்கா?

— நானே நம்பலக்கா. ரெண்டு தடவ பாக்கச் சொன்னேன். மத்தியானத்துல நிறைய விட்டிருக்கீங்க.

— விஜயன், ஒரு நிமிஷம். அந்தக் கார்டு வந்து…

— வாய மூடு வினி! அவ என்னைப் பாத்து மனசு தாங்காம உளறுறா. நீ போ தம்பி.

— பயப்படாதீங்க வினிக்கா. இனிமே உத்துப் பாக்கிற வேலையே இல்ல. கேமரா சொல்றதுக்கு ஓகே அமுத்தணும், அவ்வளவுதான். அதுவும் வருஷக் கடைசி வரைக்கும். அப்புறம் எனக்கே தெரியாது லா. வரேன்.

— போயிட்டான். ஏன்டி சொல்ல வந்தே? சொன்னா என் நஷ்டஈடும் போகும், உன் வேலையும் போகும்.

— மனசு கேக்கலக்கா.

— அழாத. மூணு மாசம் உக்காந்து என் கண்ணை நானே அதுக்குள்ள ஊத்தியிருக்கேன், உன் பேரப் போட்டு. யாரச் சொல்லி என்ன? இந்தா, கடுதாசியப் படி. நாப்பது வயசுக்கு மேல எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டவ நான். மலாய்ல எழுதுனா எனக்கு மண்டையில ஏறாது.

— உங்க சேவைக்கு நன்றி. நஷ்டஈடு அடுத்த மாசம் பேங்க்ல வரும். இன்னிக்கே கார்டை ஒப்படைக்கணும்.

— கடைசியில ஏதோ பொடியா இருக்கே?

— அஞ்சு மணிக்குள்ள குடுக்கலன்னா, கார்டுக்கு இருபத்தஞ்சு வெள்ளி பிடிப்பாங்களாம்.

— வினி.

— என்னக்கா?

— அந்த எழுத்து எனக்கே எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடி. நிமிந்து என்னைப் பாரு. எப்ப பண்ணுன ஆப்பரேஷன்?

— அக்கா…

— எப்பன்னு கேட்டேன்.

— டிசம்பர்ல. கிறிஸ்மஸ் லீவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்ல, அப்ப.

— கேமரா வந்தது ஜனவரில.

— அது வரப் போகுது, ஒருத்தரத்தான் வைப்பாங்கன்னு விஜயன் போன்ல பேசறப்ப என் காதுல விழுந்துச்சு. உங்க கண்ணோட போட்டி போட்டா நான்தானே வெளிய போவேன்? பிராண்டனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்குக்கா.

— அதான் இத்தனை நாளாப் பணத்தைக் கேக்கலையா நீ?

— நோட்டுல உங்க கணக்கை ஜனவரியிலேயே கோடு போட்டு அடிச்சிட்டேன்க்கா.