மூணாம் நாள் சொட்டு

கொஞ்சம் காதைக் குடுங்க... ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம மூளைக்குள்ள நரம்பு செல் இருக்கு. யோசிக்கிறது, பேசுறது எல்லாம் அதோட வேலை. பேரும் அதுக்குத்தான். ஆனா பக்கத்துலயே இன்னொரு செல் இருக்கு. அதுக்குச் சோறு ஊட்டி, அழுக்கெடுத்து, விழாம தாங்கிக்கிட்டே இருக்கும். தாங்கு செல்னு வெச்சுக்குவோம்.

ஒரு ஆய்வுக்கூடத்துல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் வேலை. புருஷன் தணிகாசலம், தலைமுடியைவிட நூறு மடங்கு மெலிசா, கரண்ட் பாயுற நார் நூற்பாரு. பொண்டாட்டி சுடர்க்கொடி, பந்தல்மேல கொடியைப் படர விடுற மாதிரி அந்த நார்மேல தாங்கு செல்லை வளர்க்கணும். லேசா கரண்ட் விட்டா நல்லா வளரும்னு நம்பிக்கை.

வளர்ந்துச்சா? இல்லை. மூணு தடவை போட்டாங்க... மூணு தடவையும் செத்துப்போச்சு.

அந்தம்மா சும்மா இருப்பாங்களா? "உங்க நார்தாங்க சரியில்ல."

"கரண்டைக் கூட்டி வெச்சிருப்ப."

"நானா?"

சாப்பாட்டுல உப்பு கம்மின்னாகூட நார்லதான் வந்து நிக்கும் பேச்சு.

கடைசியா ஒரே ஒரு துண்டு நார். வெள்ளிக்கிழமை கமிட்டி வந்து பாக்கப்போகுது. இதுவும் செத்தா திட்டத்தையே மூடிடுவாங்க. செல்லைப் போட்டாச்சு. மூணாம் நாள் தணிகாசலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. "என் நார்மேல பழி. நானே பாக்குறேன்."

அந்தம்மா ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாங்க. ஒரு சொட்டு விடப்போறாங்க...

"அது என்ன, சுடர்க்கொடி?"

"மூணாம் நாள் மருந்துங்க. பழைய லேப்ல எட்டு வருஷமா விட்டேனே, இங்கயும் மூணு தடவையும் விட்டேன்."

"எதுக்கு?"

"நரம்பு செல் வளர்க்கையில, நடுவுல களை மாதிரி இந்தத் தாங்கு செல் வந்துடும்ல... அதைக் கொல்ல..."

கை அப்படியே நின்னுபோச்சு.

அவரு சிரிக்கல. பாட்டிலை மெதுவா வாங்கி மூடினாரு. "சொட்டு விழலல்ல? விடு."

வெள்ளிக்கிழமை பாத்தா, செல்லெல்லாம் நாரைப் பிடிச்சுக்கிட்டு கைகோத்து நிக்குது. முன்னாடி ஏன் செத்துச்சுன்னு கமிட்டி கேட்டுச்சு. அந்தம்மா எந்திரிச்சாங்க. "நார்மேல தப்பில்லைங்க. என் கைமேலதான்." தணிகாசலத்துக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

இப்போ உங்ககிட்ட வர்றேன். அந்தம்மாவுக்கு அந்த செல்மேல பகையா? அதை வளர்க்கத்தானே ராப்பகலா கிடந்தாங்க? பாசம் இருந்துச்சு... கை பழகிப்போயிருந்துச்சு.

உங்க வீட்டுலயும் ஒருத்தர் எல்லாரையும் தாங்கிக்கிட்டு இருப்பாங்க. அம்மாவா இருக்கலாம், மனைவியா இருக்கலாம், கல்யாணம் பண்ணிக்காத அண்ணனா இருக்கலாம். அவங்களைப் பாத்து எத்தனை தடவை கேட்டிருப்போம்... "வீட்டுல சும்மாதானே இருக்க?"

பாசம் இல்லாமலா கேட்டோம்? இருக்கு. வாய் பழகிப்போச்சு. அதுதாங்க அந்தச் சொட்டு.

இன்னைக்கு வீட்டுக்குப் போவீங்க. அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வரும். வரட்டும்... அங்கேயே மூடிடுங்க. அவங்க நல்லா இருப்பாங்க. அவங்க நல்லா இருந்தாத்தான் நாம நிக்க முடியும்.