ஐம்பத்தாறு பேர் தோற்ற இடத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் நின்றவருக்கு

"அங்கிள், ஃபிஃப்டி சிக்ஸ்தானே பிக்? அப்போ ஒய் டிட் தே லூஸ்?"

ஃப்ரீமான்டில், வேலை விசாவில் குடிவந்த வசந்தாமணி அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில், ஐம்பத்தாறு பேர் ஆதரித்தும் ஒரு மசோதா தோற்ற அமெரிக்க செனட் வாக்கெடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய ஒன்பது வயது மகள் கயல் உங்களிடம் இப்படிக் கேட்டாள். "தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன் கண்ணு" என்றீர்கள்.

பொறுமையே பொலிவாய், பணிவே பதவியாய் எங்களோடு வாழ்ந்த பெருமதிப்பிற்குரிய குமாரசாமி அய்யா அவர்களே, அந்தப் பதிலைத் தேடித்தான் சன்னிவேலில் பார்த்துவந்த மென்பொருள் வேலையை விட்டீர்கள். விதி மாற்றக் கோரும் இச்சிறு குழுவைத் தொடங்கினீர்கள். செனட்டில் நூறு பேர். விவாதத்தை முடித்து வாக்களிக்க அறுபது பேர் இசைய வேண்டும். நாற்பத்தொரு பேர் இசையாவிட்டால், நாடே விரும்பும் மசோதாவும் கிடப்பில் கிடக்கும். வேலை விசாவில் வந்த பெற்றோருடன் இங்கேயே வளர்ந்த பிள்ளைகள் இருபத்தொரு வயதில் நாட்டைவிட்டுப் போக நேராமல் காக்கும் மசோதா அப்படித்தான் கிடந்தது. நான்கு முறை வந்தது. நான்கு முறையும் கிடந்தது.

எதிர்த்து நின்றவர்களின் அலுவலகங்களுக்கும் நாள்தோறும் பேசச் சொல்வீர்கள். போன் எடுத்தவருக்கு நன்றி சொல்லாமல் எங்களில் யாரும் வைக்கக்கூடாது. "நம்மளத் தடுத்தவங்களுக்கு எதுக்கு சார் தேங்க்ஸ்?" என்று பத்ரி ஒருநாள் சலித்துக்கொண்டார். "போன் எடுக்கற பொண்ணா தடுத்துச்சு? சொல்லிட்டு வை பத்ரி" என்றீர்கள்.

"ஐம்பத்தொண்ணு போதும்னு மாத்திட்டா, நாளைக்கு நம்ம பக்கம் சிறுசாகும்போது நம்மளை மிதிச்சுட்டுப் போவாங்களே சார்" என்று சபரி வாதாடியபோது நீங்கள் கோபப்படவில்லை. "எத்தனை நாள் வேணும்னாலும் பேசட்டும், உக்காந்து கேட்போம். பேசாமயே பூட்டிட்டுப் போறதுதான் தப்பு" என்ற உங்கள் சொல்லே இன்றுவரை எங்கள் கோரிக்கை மனுவின் முதல் வரி.

விதி இன்னும் மாறவில்லை. விடைகொடுக்கும் மேடையிலும் இதை மறைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இன்னொன்றையும் மறைக்கவில்லை. இருபத்தொன்றுக்குப் பிறகும் இங்கேயே தங்க கயலுக்கு மாணவர் விசா கேட்கலாமா என்று வசந்தாமணி அவர்கள் கேட்டபோது, "இந்தத் தடவை நிச்சயம் வந்துரும், பொறுங்கம்மா" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பொறுத்தார்கள். மசோதா வரவில்லை. சென்ற ஆகஸ்டில் கயலுக்கு இருபத்தொன்று முடிந்தது. படிப்பைத் தொடரத் தனியே கனடாவின் டொரன்டோ போனாள். அன்றுமுதல் நீங்கள் எங்களோடு உட்கார்ந்து மதிய உணவு உண்டதில்லை.

ஆண்டவன் அருளால் உடல் நலிவின்றி, உறக்கம் குறைவின்றி, துணைவியார் தனபாக்கியம் அவர்களோடு நெடுங்காலம் நிறைவாக வாழுங்கள் என வேண்டுகிறோம். உறக்கத்தைத் தனியே சொல்வதற்குக் காரணம், கயல் போன நாளிலிருந்து அது உங்களுக்குக் குறைந்துபோனதுதான்.

இவ்விழாவுக்கு அழைக்கச் சென்ற வாரம் வசந்தாமணி அவர்கள் வீட்டுக்குப் போனோம். "யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னாருங்க, இருந்தாலும் சொல்றேன்" என்று தொடங்கினார். கயல் புது அறைக்குக் குடிபோன ஜனவரியில் பெற்றோரால் எல்லை தாண்ட முடியவில்லை. தாண்டினால் மறுபடி விசா வாங்கித் திரும்புவது உறுதியில்லை. அந்த வாரம் "கண் பரிசோதனை" என்று எழுதிக் கொடுத்து மூன்று நாள் விடுப்பு எடுத்தீர்கள். டொரன்டோவில் வீட்டுக்காரரிடம் சாவி வாங்கி, கயல் வகுப்பில் இருந்த நேரத்தில் கட்டிலைப் பொருத்தி, கம்பளி விரித்து, அரிசியும் பருப்பும் டப்பாக்களில் நிரப்பி வைத்தீர்களாம். அவள் வீடு திரும்பும்முன் விமானம் ஏறிவிட்டீர்களாம். அன்று இரவு அம்மாவை அழைத்தவள், யார் வந்துபோனார்கள் என்று கேட்கவில்லையாம். குளிர்காற்று வந்த ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியிருக்கிறது, அறை கதகதப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாளாம்.

என்றும் அன்புடன்,
பத்ரி, சபரி, தீக்ஷா, அனன்யா
அலுவலகப் பணியாளர்கள், ஃப்ரீமான்ட்