தெற்குச் சுவரை மூடிய பேனர்

என் பெயர் ஹுமா, வயது 36, தகப்பனார் பெயர் சேக் அலாவுதீன். புதுக்கோட்டை நகரில் குடியிருந்து கட்டட வடிவமைப்புத் தொழில் செய்து வருகிறேன். குன்றாண்டார்கோவில் அருகே உள்ள தையல் ஆலையின் பேனரைக் கிழித்துவிட்டதாக அதன் முதலாளி வசந்தகுமார் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது:

கிழித்தது நான்தான். யாரும் தூண்டிவிடவில்லை.

அந்த ஆலையை வடிவமைத்தவளும் நானே. சாலையைப் பார்த்த தெற்குச் சுவரை முழுக்கத் துளை விட்டுக் கட்டி, கூரை உச்சியில் திறப்பு வைத்தேன். கீழே நுழையும் காற்று உள்ளிருக்கும் சூட்டை மேலே தள்ளிக்கொண்டு போய்விடும், கட்டும்போது கூடுகிற செலவு சில வருடக் கரண்டு பில்லிலேயே திரும்பிவிடும் என்று விளக்கியதன் பேரில் முதலாளி சம்மதித்தார். அதன் பிறகு திறப்பு விழாவுக்காக, அவர் கும்பிட்டு நிற்கும் படம் போட்ட பேனரை அந்தச் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டினார்கள். விழா முடிந்தும் அவிழ்க்கவில்லை. முதலாளி படத்தில் கை வைக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

அதன் பிறகு வெக்கை தாங்காமல் பெரிய மின்விசிறிகளாக வாங்கி மாட்டினார்கள். கரண்டு பில் ஏறியது. பழி என் வடிவமைப்பின் மேல் விழுந்தது. திருமயத்தில் கட்டப்போகும் அடுத்த ஆலைக்கு வெறும் தகரக் கொட்டகை போதும் என்று முதலாளி முடிவு செய்துவிட்டதாகவும் அறிந்தேன். பேனரை அவிழ்க்கச் சொல்லிப் பலமுறை போன் செய்தும் பயனில்லை.

சம்பவத்தன்று நான் நேரில் போனபோது, தையல் வேலை செய்யும் மூக்காயி வெக்கையில் மயங்கி விழுந்து கிடந்தார்; மற்றவர்கள் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியும் பக்கத்தில் நின்றார். "சார், அந்தப் பேனரை அவுத்து விடுங்க, காத்து உள்ள வரட்டும்" என்றேன்.

"நீங்க கட்டுன லச்சணத்துக்கு என் படத்தை வேற எறக்கணுமாம்மா? அது பாட்டுக்கு அங்கிட்டு கெடக்கட்டும்" என்றார்.

அதன் பிறகு நான் துணி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு, ஏணி போட்டு ஏறி, பேனரை மேலிருந்து கீழாக வெட்டினேன். முதலாளியின் முகம் சுவரின் நடுவில் இருந்ததற்கு நான் பொறுப்பல்ல. உடனே காற்று உள்ளே புகுந்து, மேசைகளிலிருந்த துணியெல்லாம் படபடத்தது. எழுந்து உட்கார்ந்திருந்த மூக்காயி, "யாத்தே, இம்புட்டுக் காத்து இத்தன நாளா எங்கிட்டு இருந்துச்சு" என்று முதலாளியைப் பார்த்துக் கேட்டார். அவர் நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்துவிட்டார்.

மறுபடி கட்டினால் மறுபடி வெட்டுவேன்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். "நடந்ததற்கு வருந்துகிறேன்" என்று எழுதியவரே கடைசியில் சேர்த்திருந்த வரியை நான் சொல்லவில்லை. அதை அடிக்கச் சொன்னேன். அடித்த பிறகு எல்லாம் உண்மையாக இருக்கிறது.

(ஒப்பம்) ஹுமா