கடல் அடிச்சால்தான் எனக்கு லீவு

...இல்லை அண்ணை, நீங்களே சொல்லுங்கோ. ஒரு கோர்ஸுக்கு நாள் வைக்கிறது கலியாணத்துக்கு நாள் வைக்கிறதை விடக் கஷ்டமாய் இருக்கலாமோ? உந்தக் குடையைக் கொஞ்சம் அங்காலை... முழங்காலிலை குத்துது. ஓம், ஓம், இப்ப சரி. வெளியிலை எறிக்கிற வெயிலுக்குக் குடையும் கையுமாய் வெளிக்கிட்டிருக்கிறீங்கள்! வவுனியாவிலையோ இறங்கிறீங்கள்? நல்லதாய்ப் போச்சு, அது மட்டும் கதைக்கலாம்.

நான் மரியரட்ணம். குருநகர். ஐஸ் பக்ரறியிலை ராவேலை. இந்தப் பை பாரமோ எண்டு பாக்கிறீங்கள், பாரம்தான். கண்ணாடி, காலுக்குப் போடுற செட்டை, ரப்பர் உடுப்பு. நான் சுழியோடி அண்ணை! கடலட்டை பிடிக்கிற சுழியோடி இல்லை. காசு கட்டிச் சுழியோடுறவன். எங்கடை அத்தான் செபநாயகம் அட்டைக்குப் போறவர், அவர் கேக்கிறார், "டேய், எங்களுக்குக் கீழை போகக் காசு தாறாங்கள், நீ காசு குடுத்துப் போறியோ? விசரோ?" எண்டு. ஓம் அத்தான், விசர்தான் எண்டன். ஹ ஹ ஹா!

முதல் படிப்பும் முடிச்சு, அதுக்கடுத்ததும் முடிச்சிட்டன். இனி 'ரெக்னிக்கல்' எண்டு ஒரு பெரிய படிப்பு. அது ஆழத்திலை கனநேரம் நிக்கிறது, பழைய கப்பலுக்குள்ளை போறது... நேரை அதுக்கை விடமாட்டினம். வாசல்படி மாதிரி ஒரு சின்னக் கோர்ஸ் இருக்கு, அதைத்தான் முதல் செய்யவேணும். அதைப் படிப்பிக்கிற இடம் மூண்டைப் பிடிச்சன் பாருங்கோ, பொம்பிளை பாக்கிற மாதிரி ஒண்டொண்டாய் விசாரிச்சன்!

தெற்கிலை ஒருத்தர். ரெண்டு சிலிண்டரை முதுகிலை சோடியாய்க் கட்டிவிடுவார். மூண்டே நாள், சட்டுப்புட்டெண்டு முடியும். ஆனால் அண்ணை, சட்டுப்புட்டெண்டு முடியிற படிப்பிலை என்ன படிப்பிருக்கப்போகுது? மட்டக்களப்பிலை ஒருத்தர், அவர் சிலிண்டரைக் கமக்கட்டுக்குக் கீழை ரெண்டு பக்கமும் தொங்கவிடுவார். முதுகு நாரி நோகாதாம். பாடமெல்லாம் போனிலை, வீட்டிலையே படிக்கலாம். அது எனக்கு நல்ல விருப்பம். ஆனால் ஆள் நாலுபேர் சேந்தால்தான் தொடங்குவாராம். நானெங்கை மற்ற மூண்டு விசரரைத் தேடுறது?

மூண்டாவது திருகோணமலையிலை, ஆரணி எண்டு ஒரு பிள்ளை. அங்கைதான் இப்ப போறன். அந்தப் பிள்ளையின்ரை கோர்ஸிலை முக்கால்வாசி சும்மா நிக்கிறது! உண்மையாய் அண்ணை. தண்ணிக்கை மேலையும் போகாமல், கீழையும் போகாமல், கையையும் ஆட்டாமல், படுத்த மாதிரி அப்பிடியே நிக்கவேணும். "அண்ணை, அது வந்தால்தான் மற்றதெல்லாம். வராட்டில் சேட்டிபிக்கற் தரமாட்டன்" எண்டு சொல்லிப்போட்டுது. தரமாட்டன் எண்டு சொல்லுற வாத்திமாரிலை எனக்கொரு மரியாதை. இதுதான் பொம்பிளை எண்டு முடிவெடுத்திட்டன்.

என்ன? ஏன் இந்த வயசிலை எண்டோ?

...பக்ரறிக்கை வந்து பாத்தீங்கள் எண்டால் விளங்கும். அந்த மிஷின் விடியவிடிய ஒரே இரைச்சல். எனக்கு வீட்டிலை படுத்தாலும் இரையும், கோயிலிலை பூசையிலை நிண்டாலும் இரையும். முதல்முதல் தண்ணிக்கை இறங்கின நாள்... ஒரு சத்தமும் இல்லை அண்ணை. என்ரை மூச்சு மட்டும். போகுது, வருது. அட, நான் இருக்கிறனடா எண்டு... மேலை வந்தால் பக்கெண்டு சிரிப்பு! நிப்பாட்டேலாமல் சிரிச்சன். வள்ளக்காரன் பயந்துபோனான். ஆழத்திலை சிலருக்குக் கள்ளுக் குடிச்ச மாதிரித் தலைக்கேறுமாம். பெர்னடெட், அவ என்ரை மனிசி, "உங்களுக்குத் தரையிலையே அப்பிடித்தானே" எண்டாள்.

சரி, எங்கை விட்டன்? ஆ, நாள்! நாலுதரம் நாள் வைச்சாச்சு. நாலுதரமும் அந்தப் பிள்ளை கடைசி நேரத்திலை, "அண்ணை, கடல் சரியில்லை" எண்டு மெசேஜ் போடுது. எனக்கு வாற கோவம்! அலை மேலைதானே அடிக்கும், நாங்கள் கீழைதானே போறம்? இந்தமுறை சொல்லியும் போட்டுது: இதுவும் தவறினால் என்ரை இடத்தை ஆரோ கொழும்புப் பெடியனுக்குக் குடுக்கப்போகுதாம். அதுதான் இண்டைக்கு மெசேஜ் வரமுதல் நானே நேரை போய் நிக்கப்போறன். கண்டால் என்ன சொல்லுவா? ஹ ஹ!

அங்கை பாருங்கோ, ஆனையிறவு. இண்டைக்கென்ன, தண்ணி இப்பிடி வெள்ளைவெள்ளையாய்ப் புரளுது...

லீவோ? லீவு பெரிய கதை. எங்கடை பக்ரறியிலை எனக்கு லீவு எண்டால் வள்ளம் ஒண்டும் போகாத நாள்தான். வள்ளம் போனால் ஐஸ் வேணும், ஐஸ் வேணுமெண்டால் நான் வேணும். முதல் ரெண்டு கோர்ஸும் அப்பிடித்தான் செய்தன். பெரிய கிழமையிலை எங்கடை ஆக்கள் தொழிலுக்குப் போகமாட்டினம்தானே? அப்ப கடலும் கண்ணாடி மாதிரிக் கிடந்தது! ஆனால் இனி அது சரிவராது. "பெரிய வெள்ளியிலை ஆண்டவரைச் சிலுவையிலை விட்டிட்டு மீன் பாக்கப் போறீரோ? இனிப் போனால் அங்கையே இரும்" எண்டு பெர்னடெட் சொல்லிப்போட்டாள். அதாலை இப்ப மற்ற நாளுகள்தான். இப்ப கிடைச்ச லீவைப் பாருங்கோ, நேற்றுப் பின்னேரம் மீன்பிடிச் சங்கத்து ஸ்பீக்கரிலை அறிவிச்சாங்கள், காத்து வருது, ஒருதரும் கடலுக்குப் போகவேண்டாம் எண்டு. நான் உடனை பையைத் தூக்கிக்கொண்டு...

...

என்னண்ணை அப்பிடிப் பாக்கிறீங்கள்?

...காத்து வருது, கடலுக்குப் போகவேண்டாம். உடனை நான் கடலுக்கு...

அந்தோனியாரே!

நாலுதரமும் அண்ணை! நாலுதரமும் ஸ்பீக்கர் கத்த, நான் அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்து, "நாளைக்கு வரட்டோ" எண்டு... ஐயோ, அந்தப் பிள்ளை என்னை என்னெண்டு நினைச்சிருக்கும்! ஹ ஹ ஹா... சிரியுங்கோ, சிரியுங்கோ, வயித்தைப் பிடிச்சுச் சிரியுங்கோ. கடக்கரையிலை பிறந்து வளந்தவன் நான்!

இருங்கோ, போன் அடிக்குது. அவதான், ஆரணி.

ஓம் பிள்ளை. ஓம், தெரியும். கடல் சரியில்லை. இல்லை, கோவமில்லை. காத்து ஞாயிறுக்குப் பிறகு இறங்குமோ? திங்கள் தொடங்குறதோ... கடைசிமுறையோ...

வைச்சிட்டா. திங்களுக்கு எல்லா வள்ளமும் போகும் அண்ணை. இத்தனை நாள் கட்டிவைச்ச வள்ளம், மலைமலையாய் ஐஸ் கேப்பாங்கள். என்னாலை ஏலாது. ஏனெண்டால் அந்த மிஷினை ஓட்ட என்னைவிட்டால் ஆளில்லை. பகல் வேலைக்கு ஜஸ்ரின் இருக்கிறான், ஆனால் ராவிலை அது ஒரு மாதிரி இருமத் தொடங்கும், அதின்ரை வைத்தியம் எனக்கு மட்டும்தான் தெரியும். முதலாளியே எல்லாருக்கும் சொல்லுறவர், "மரியரட்ணம் இல்லாட்டில் பக்ரறி இல்லை" எண்டு. கேக்க எவ்வளவு நல்லாயிருக்கும் தெரியுமோ? ஜஸ்ரின் அதைச் சொல்லித்தரச் சொல்லி ரெண்டுமூண்டு தரம் கேட்டவன். உனக்கு விளங்காதடா எண்டு விட்டிட்டன்.

...

ஹலோ, ஜஸ்ரின்? நான்தான். பஸ்ஸிலை. கேள், மிஷின் இருமினால் ரெண்டாவது வால்வு இருக்கெல்லே, அதைக் கால் சுத்து மூடு. முழுக்க இல்லை, கால் சுத்து. சத்தம் இறங்குமட்டும் கையை அதிலை வைச்சிரு. ...ஓமடா, அவ்வளவுதான். ...இல்லை, வேறை ஒண்டுமில்லை. ...ஓம், இத்தனை வருஷமும் அவ்வளவுதான்! சிரியடா, நல்லாச் சிரி. திங்களிலை இருந்து நாலு ரா நீ நிக்கிறியோ? ...நிப்பாயோ? ஜஸ்ரின்! என்ரை ராசா!

அண்ணை, நிக்கிறானாம்! கேட்டீங்களோ? நான் திங்கள்...

அண்ணை?

கொண்டக்டர் தம்பி, இந்தச் சீற்றிலை இருந்த அண்ணை எங்கை? வவுனியா எண்டெல்லே சொன்னவர்! கிளிநொச்சியிலையே இறங்கிட்டாரோ? இந்தக் கொட்டுற மழைக்கையோ? குடையையும் விட்டிட்டெல்லே ஓடிட்டார்!

சரி, நிப்பாட்டுங்கோ, திங்களுக்கு முதல் அங்கை போய் வேலையில்லை, நானும் இறங்கிறன். யாழ்ப்பாணத்துக்குத் திரும்புற பஸ் எந்தப் பக்கத்தாலை வரும்? குடை அவற்றைதான், போற வழியிலை தேடிக் குடுக்கிறன். அவர் இன்னும் மட்டக்களப்புக் கோர்ஸின்ரை மிச்சத்தைக் கேக்கேல்லை.