ஜப்பான்காரன் 'கி'

"யாருடி அந்த ரெய்? ரெய் கின்னா, அவரோட என்னது? சாவியா, சைக்கிளா?"

எண்பதுகளின் கடைசியில், டில்லியில் மலை மந்திர் முருகன் கோயிலிலிருந்து ஜனக்புரி திரும்பும் பஸ்ஸில் கேட்டது. எனக்கு முன்சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவர் மூத்தவரின் முழங்காலில் உள்ளங்கையை வைத்திருந்தார்.

"இது 'அவரோட'ங்கிற ஹிந்தி 'கி' இல்லக்கா, ஜப்பான்காரன் 'கி'. சக்தின்னு அர்த்தம். ரெய்கின்னா, கையை வெச்சே வலியைப் போக்குற வைத்தியம். அங்க ஒருத்தர் மலையில பட்டினி கிடந்தாராம், கையில சக்தி இறங்கிடுச்சாம். அப்புறம் ஹவாய், அமெரிக்கான்னு பரவி, இப்ப டில்லிக்கே வந்தாச்சு. நானே கிளாஸ் போய்க் கத்துக்கிட்டேன்."

"நானும்தான் கிருத்திகை தவறாம மலை மந்திர்ல பட்டினி கிடக்கேன். எனக்கு வாயுதான் வருது."

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. கை சூடா இருக்கா, இல்லையா?"

"ஜூன் மாசம்டி. டில்லியில எதைத் தொட்டாலும் சூடுதான்."

"பாருங்க, வலி தானா போயிடும்."

பஸ் ஜனக்புரியில் நின்றது. இளையவர் கையை எடுத்துக்கொண்டு இறங்க எழுந்தார்.

"வலி போச்சாக்கா?"

"போகல."

மூத்தவர் அந்தக் கையைப் பிடித்து இழுத்து, மறுபடியும் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"உட்காரு. அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்துக்கலாம்."