சாம்பல் தளபதிக்குக் கொக்கி இல்லை

பசை பூசியதும் ஒட்டக் கூடாது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு அதுதான். இரண்டு ஓரத்திலும் மெல்லிசாகப் பூசிவிட்டுப் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு இரண்டையும் சேர்த்து அழுத்தினால், அப்புறம் அதைப் பிரிக்க ஆண்டவனாலும் ஆகாது. பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். நல்லதாயிற்று. பேச ஆரம்பித்தால் நான் ஊர் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எழுதும்போது அப்படி ஆகாது. நான் தையல்காரி. அளவெடுத்து, கோடு போட்டு, அப்புறம்தான் வெட்டுவேன்.

என் தம்பியும் நானும் ஏழு வருஷமாக வேடப் போட்டிக்குப் போகிறோம். வீடியோ கேமில் வருகிற வீரர்களின் உடுப்பைத் தலையிலிருந்து கால்வரை நாமே செய்து போட்டுக்கொண்டு மேடையில் நடக்க வேண்டும். செய்வது நான், போடுவது அவன். அவன் ஆறடிக்கு இரண்டு விரல் கூடுதல். எனக்குப் பதினோரு வயது இளையவன். இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். இப்போது அவன் தோளை அளக்க எனக்கு நாற்காலி தேவைப்படுகிறது.

இந்த வருஷம் சாம்பல் தளபதி. விளையாடாதவர்களுக்குச் சொல்கிறேன்: கோட்டை வாசலைக் காக்கிற ராட்சசத் தளபதி, உடம்பு முழுக்கக் கறுத்த கவசம், முகமே தெரியாது. பேச்சு இடி உருளுவதுபோல இருக்கும். கடைசியில் வாசலிலேயே மண்டியிட்டு, முகங்குப்புற விழுந்து செத்துப்போவான். அந்தக் காட்சிக்கு அழாதவர்கள் எங்கள் கூட்டத்தில் கிடையாது. என் வீட்டுக்காரர் மட்டும் கொட்டாவி விட்டார்.

கவசத்துக்கு இரும்பு வேண்டும் என்று நினைப்பீர்கள். ஜிம்மில் தரையில் விரிக்கிற ஃபோம் பாய் போதும். அதைச் சூடு காட்டி வளைத்து, பசை போட்டு, கறுப்பும் வெள்ளியும் அடித்தால் பக்கத்தில் வந்து தட்டிப் பார்க்கிறவன்கூட ஏமாறுவான். முழங்கால் சில்லுக்கு வீட்டுப் பால் வடிகட்டி இரண்டு போயிற்று. ஒரு மாதம் பாலாடையோடுதான் காபி குடித்தோம்.

அளவெடுப்பதுதான் வேடிக்கை. ஆளை நிற்க வைத்து, உடம்பு முழுக்க பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் இறுக்க டேப் ஒட்ட வேண்டும். அப்புறம் முதுகுப்பக்கம் வெட்டி எடுத்தால் உடம்பின் அச்சு அப்படியே வந்துவிடும். தம்பியைக் கழுத்துவரை சுற்றி முடித்த நேரத்தில் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். கூடத்தில் நின்றவனை மேலும் கீழும் பார்த்தார்.

"மச்சானை எந்த ஊருக்குப் பார்சல் அனுப்புற?"

"மாமா, சிரிக்காதீங்க. எனக்கு அவசரமா பாத்ரூம் போகணும்," என்றான் தம்பி.

"பத்து நிமிஷம் பொறுடா," என்றேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. குழந்தை மாதிரி நின்றான். அவனை அப்படி, கையைக் காலை அசைக்க முடியாமல், என்னையே நம்பி நிற்கப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதத்தான் வேண்டும். எதையும் மறைக்கக் கூடாது என்றீர்கள்.

அன்றைக்கே, டேப்பை வெட்டி எடுத்த பிறகு, சொன்னான்.

"அக்கா, இதுதான் கடைசி. வேலை கிடைச்சிடுச்சு. அவ இருக்கிற ஊர்லயே."

அவள் என்பது ஒரு பல் டாக்டர். கடல் கடந்து இருக்கிறாள். போனில் முகம் பார்த்துப் பேசும்போது இவன் வாயைத் திறந்து கடைவாயைக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். என்ன காதலோ.

"எப்படா கிளம்பற?"

"போட்டி அன்னிக்கு ராத்திரி ஒம்போது மணிக்கு ஃபிளைட். உனக்காகத்தான் அந்த தேதி போட்டேன். மேடையில நடந்துட்டு, கழட்டிப் போட்டுட்டு, ஆறு மணிக்கு அப்படியே கிளம்பிடறேன்."

"திரும்பி எப்ப?"

"அங்கேயே வீடு பாத்திருக்கோம்க்கா. நீ கோவிச்சுக்குவேன்னு நினைச்சேன்."

"எதுக்குடா கோவம்? கடைசின்னா கடைசியா, நல்லா பண்ணிடுவோம்."

நான் கோபப்படவில்லை. எனக்கு அவனை விட மனமில்லை, அவ்வளவுதான்.

இனி கொக்கி விஷயம். கவசத்தின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் கொக்கிகள் வைப்பது வழக்கம். அவற்றை மாட்டினால் கவசம், கழற்றினால் இரண்டு பாதி. போன வருஷம் நடுவர் ஒருவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வந்து, "கொக்கி தெரியுதே," என்று இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். ஒரே மதிப்பெண்ணில் முதல் பரிசு போயிற்று. ஆகவே இந்தத் தடவை கொக்கி வேண்டாம், போட்டி அன்று அவனை உள்ளே நிறுத்திப் பசை போட்டே மூடிவிடலாம் என்று நான் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் யோசிப்பார்கள்.

"அப்புறம் எப்படிக் கழட்டறது?"

"கத்தியால ஓரமா கீறினா ரெண்டு நிமிஷம். நான் எதுக்கு இருக்கேன்?"

அவன் சிரித்தான். நல்ல பிள்ளை.

போட்டி மண்டபத்தின் பின்னறையில் பன்னிரண்டு மணிக்கு அவனை மூடினேன். நெஞ்சு, முதுகு, தொடை, கழுத்து வளையம், அதோடு சேர்த்துத் தலைக்கவசம். ஒவ்வொரு ஓரத்துக்கும் பத்து நிமிடம் காய விட்டேன். கையில் நகம் வைத்த உறை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு கைக்குட்டையைக்கூடப் பிடிக்க முடியாது. வாய்ப்பக்கம் ஒரு சின்னக் குரல் பெட்டி. அவன் உள்ளே என்ன பேசினாலும் வெளியே இடியாகத்தான் உருளும். கண்ணாடியில் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான். "நல்லா இருக்கு"வாக இருக்கலாம்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு, மேடம். அது தெரியாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது. முழு முகமூடி போட்டவருக்குக் கீழே பார்க்க முடியாது, கையால் எதையும் எடுக்க முடியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாள். அவர் கைபிடித்து நடத்துவார், உறிஞ்சுகுழலில் தண்ணீர் கொடுப்பார், மற்றவர்களிடம் பேசுவார். வேடம் போட்டவர் வேடத்தை விட்டு வெளியே வந்து பேசினால் மரியாதை இல்லை. துணையாள் சொல்வதுதான் அவர் சொல். "அவர் களைப்பா இருக்கார்" என்று நான் சொன்னால் களைப்பு. "அவர் இன்னும் நிற்பார்" என்றால் நிற்பார்.

மூன்று மணிக்கு மேடை ஏறினான். அப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்லை. பலகை அதிர்ந்தது. நடுவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவனை இரண்டு சுற்று சுற்றினார். கொக்கியைத் தேடினார், பாவம். முதல் பரிசு. என் வீட்டுக்காரர் விசிலே அடித்துவிட்டுப் பல் வலிக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

நாலரைக்குத் தம்பி என் தோளைத் தட்டி, நகத்தால் பக்கவாட்டைக் காட்டினான். வெட்டு என்கிறான். கத்தி வண்டியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றேன். போகும்போது வாசலில் நின்ற தொண்டர்களிடம், "இவரு வேஷத்தை விட்டு வரமாட்டாரு. என்ன கத்தினாலும் கைவெச்சிடாதீங்க, கோவம் வந்துடும். நான் இப்ப வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனேன். பவ்வியமாகத் தலையாட்டினார்கள்.

வண்டியில் உட்கார்ந்து ஒரு பன்னும் காபியும் சாப்பிட்டேன். காலையிலிருந்து வெறும் வயிறு. கத்தி என் இடுப்புப் பையில்தான் இருந்தது. ஆறு மணி தாண்டட்டும் என்று இருந்தேன். விமானம் போய்விட்டால் அவனே ஆற அமர யோசிப்பான், அப்புறம் வெட்டலாம் என்பதுதான் என் எண்ணம். ஒரு விமானம் போனால் இன்னொன்று. யாருக்கு என்ன நஷ்டம்?

ஐந்தே முக்காலுக்குச் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். பெரிய கூட்டம். அவன் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து, குரல் இடியாக உருளப் பேசிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினான். அவர்களும் அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் முன்னால் கைகூப்பினான். அவளும் திரும்பக் கைகூப்பினாள். ஒருத்தர் என்னிடம், "என்னமா உயிரைக் குடுத்து நடிக்கிறார்ங்க," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் மண்டியிட்டான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. யாரோ போனில் அந்தக் காட்சியின் இசையைப் போட்டார்கள். முகங்குப்புற விழுந்தான். கைதட்டல் என்றால் அது கைதட்டல், மேடம். மூன்று நிமிடம் ஓயவில்லை. நானும் தட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

குப்பை வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி மட்டும் தட்டவில்லை. விளையாட்டு, தளபதி, கோட்டை ஒன்றும் அறியாதவள்.

"ஏம்மா, அந்த ஆளு மூச்சு விடற மாதிரியே தெரியலையே."

"அது நடிப்பும்மா. அந்தக் கதையில அப்படித்தான்."

"யாரு கதையில எப்படியோ. மனுசன் காலு இழுக்குது பாரு," என்று சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டி கிழிக்கிற கத்தியோடு கூட்டத்துக்குள் புகுந்தாள். அவனைப் புரட்டி, நெஞ்சுக்கு நட்டநடுவே கிழித்துவிட்டாள். மூன்று வாரம் வண்ணம் அடித்த இடம். ஓரமாகக் கீறியிருந்தால் மறுபடி ஒட்டிவிடலாம். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தொழில் தெரியாதவளிடம் என்ன சொல்வது?

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். உள்ளே சூடு ஏறி, வெயில் படாமலே வெயில் தாக்கின உடம்பு மாதிரி ஆகிவிட்டதாம். சிறுநீரகம் சுணங்கிவிட்டதாம். ஆறு மாதம் எங்கும் பயணம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நான் நன்றி சொன்னேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

தலைக்கவசத்துக்குள் வைத்திருந்த சின்ன விசிறி ஏன் ஓடவில்லை என்று மூன்று தடவை கேட்டீர்கள். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று இரண்டு தடவை சொன்னேன். அது சரியில்லை. மூடுவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றியது நான்தான். தண்ணீருக்கு உறிஞ்சுகுழல் நுழைக்கிற ஓட்டையைப் பசை வைத்து அடைத்ததும் நான்தான். ஓடி ஓடி வேலை செய்கிற உடம்பு அவனுக்கு. கொஞ்சம் தளர்ந்தால்தான் ஓரிடத்தில் நிற்பான். அவன் சாக வேண்டும் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. போகக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். அதில் நான் வெற்றி பெற்றுவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

இன்று காலையில் அவன் கண் விழித்தான். தொண்டை புண்ணாகி இருப்பதால் பேச முடியவில்லை. நர்ஸ் ஒரு தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறாள். அவன் எழுதியதை வாசலிலேயே என்னிடம் காட்டினாள். 'அக்காவை உள்ளே விடாதீங்க' என்று இருந்தது. கையெழுத்து அவனுடையதுதான், கொஞ்சம் நடுங்கியிருந்தது. காய்ச்சலில் என்ன எழுதுகிறோம் என்றே யாருக்கும் தெரியாது. நர்ஸ் சின்னப் பெண், அதை உண்மை என்று நம்பிவிட்டாள்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், மேடம். கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஏழு மணிக்கு மேல் ஆஸ்பத்திரியில் யாரையும் பார்க்க விடமாட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து என்னைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பினால் நல்லது. நான் வரவில்லையே என்று பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான்.